ஆறு வயதுப் பிள்ளைக்கு எதற்கு மரபணுச் சோதனை?

தம்பி, வந்து நான்கு மாதம்தான் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். மனைவிக்கு ஊரிலேயே தைராய்டை எடுத்துவிட்டார்கள். இங்குள்ள டாக்டர் அந்தப் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, ஆறு வயதுப் பையனுக்கும் மரபணுச் சோதனை பேச வேண்டும் என்கிறார். ஓடியாடித் திரிகிற பிள்ளையை எதற்குக் குத்த வேண்டும், பேசாமல் விட்டால் என்ன என்று கேட்கிறீர்கள். விடாதீர்கள். நான் வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. இதே வழியில் என் மகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன். அவளுக்கு அந்த மரபணு மாற்றம் என்னிடமிருந்துதான் போனது.

முதலில் ரிப்போர்ட்டில் ‘மெடுல்லரி’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். தைராய்டு புற்றுநோயில் பெரும்பாலானவை ‘பாப்பில்லரி’ வகை. அதுவாக இருந்தால் பேச்சே வேறு. மெடுல்லரி, தைராய்டுக்குள் கால்சிடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிற சி செல்களில் வருவது. அதில் ஏறக்குறைய நான்கில் ஒன்று பரம்பரை. பத்தாவது குரோமோசோமில் ‘ரெட்’ என்றொரு மரபணு இருக்கிறது. அதில் ஓர் எழுத்து மாறினாலே, செல்களை வளரச் சொல்லும் கட்டளை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். இந்தத் தொடர்பு 1993இல் தெரிய வந்தது. அதனால்தான் மெடுல்லரி என்றால், குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாவிட்டாலும் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்கிறார்கள்.

பையனுக்கு முன்னால் உங்கள் மனைவிக்குத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். அவரிடம் மாற்றம் இருந்தால், அதே மாற்றம் பையனிடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். வாய்ப்பு சரிபாதி. இல்லையென்று வந்துவிட்டால் அவனுக்கு இந்த விஷயத்தில் ஸ்கேனும் இல்லை, வருடாந்தர ரத்தப் பரிசோதனையும் இல்லை. விட்டது தொல்லை.

இருக்கிறது என்று வந்தால், அந்த மரபணுவில் மாற்றம் இருக்கும் இடத்தின் எண் என்ன என்று கேளுங்கள். அந்த எண்தான் நாள் குறிக்கும். 634 என்ற இடத்தில் மாற்றம் இருந்தால் ஐந்து வயதிலோ அதற்கு முன்போ தைராய்டை எடுக்கச் சொல்கிறது அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டி. 918 என்றால் முதல் வருடத்திலேயே. (அந்தக் குழந்தைகளுக்கு நாக்கிலும் உதட்டிலும் சின்னச் சின்ன முடிச்சுகள் வரும், அழுதாலும் கண்ணீர் வராது, மலச்சிக்கல் தீராது. பெரும்பாலும் பெற்றோர் இருவரிடமும் அந்த மாற்றம் இருக்காது, பிள்ளையிடமே புதிதாகத் தோன்றுவது.) வேறு பல எண்களுக்குக் கால்சிடோனினையும் கழுத்து ஸ்கேனையும் பார்த்துக்கொண்டே காத்திருக்கலாம். உங்கள் பையனுக்கு ஆறு ஆகிவிட்டதால், ‘அடுத்த வருடம் பார்க்கலாம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். இங்கே யாராவது ‘மென் 1’ என்று சொன்னால் குழம்ப வேண்டாம். அது பதினோராவது குரோமோசோம், பாராதைராய்டு, பிட்யூட்டரி, கணையம் என்று போகிற வேறு கதை. உங்கள் டாக்டர் சந்தேகப்படுவது ‘மென் 2’, இந்த ரெட் மாற்றத்தால் வரும் பரம்பரை நோய்.

இப்போது என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். இங்கே முதல் தடவை டாக்டரிடம் போனபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். குடும்பத்தில் நோய் ஏதாவது உண்டா என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். என் அப்பா நாற்பத்தொரு வயதில், சாதாரண அறுவை சிகிச்சை ஒன்றின்போது மேசையிலேயே இறந்தவர். மாரடைப்பு என்றார்கள், நாங்களும் அப்படியே வைத்துக்கொண்டோம். ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும், வியர்த்துக் கொட்டும், தலை வெடிக்கும், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது இதே மாற்றத்தால் வரக்கூடிய, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியின் கட்டி, பியோகுரோமோசைட்டோமாவாக இருந்திருக்கலாம் என்று பல வருடம் கழித்து இங்கே ஒரு டாக்டர் சொன்னார். மயக்க மருந்து கொடுத்ததும் அது மொத்தமாக ஹார்மோனைக் கொட்டக்கூடும். அப்பாவின் கோப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை.

அதனால் உங்கள் மனைவிக்கு அந்தக் கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் மெட்டாநெப்ரின் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். ரத்தத்தில் பார்க்கலாம், 24 மணி நேரச் சிறுநீரிலும் பார்க்கலாம். இந்த மாற்றம் உள்ளவர்கள் எந்த அறுவை சிகிச்சைக்கு முன்பும், இன்னொரு குழந்தைக்குத் திட்டமிடும் முன்பும் அதைப் பார்த்தாக வேண்டும். 634 போன்ற எண் உள்ள பிள்ளைகளுக்குப் பதினோரு வயதிலிருந்து வருடா வருடம் பார்ப்பார்கள்.

மகளுக்கு நாலரை வயதில் எடுத்தோம். தைராய்டைவிட அதை ஒட்டியிருக்கும், ரத்தத்தில் கால்சியத்தைச் சரியாக வைக்கும் பாராதைராய்டுகள்தான் கவலை. அந்த வயதில் கடுகளவுதான் இருக்கும். குழந்தைகளுக்கு இதை அடிக்கடி செய்கிற அறுவை நிபுணரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மறுநாள் அவள் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிறது என்றாள். கால்சியம் இறங்கிவிட்டிருந்தது. சில வாரம் கால்சியம் கொடுத்துச் சரியானது. அப்புறம் தினமும் காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின் மாத்திரை, ஆயுளுக்கும். பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது.

மொழிக்குப் பயப்படாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று நாள் குறிக்கும்போதே கேளுங்கள். தெரிந்தவர்களை உடன் வைத்துச் சமாளிக்க வேண்டாம், கடினமான இடத்தை அவர்கள் மென்று விழுங்கிவிடுவார்கள். ஊரில் அறுவை செய்த மருத்துவமனையிலிருந்து பயாப்சி ரிப்போர்ட்டின் முழு நகலை இந்த வாரமே வரவழையுங்கள். வருடம் போகப் போகக் கோப்பு காணாமல் போகும்.

மைத்துனருக்கும் பிள்ளைகள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். மனைவியின் முடிவு வந்ததும் அந்த எண் உள்ள பக்கத்தைப் படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள். நான் என் அண்ணனிடம் சொல்ல ஒன்றரை வருடம் எடுத்துக்கொண்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, வேறு காரணம் இல்லை. அதற்குள் அவர் மகளுக்கு ஒன்பது வயது, கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருந்தது. இப்போது நன்றாக இருக்கிறாள், மருத்துவமனைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறாள். ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று அண்ணன் இன்றுவரை கேட்டதில்லை.