ஏழு ஆண்டு தாண்டியும் தகவல் இல்லை: வழக்குப் போட்டால் தேடுவதைக் கைவிட்டதாகுமா?

கேள்வி: பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். என் கணவர் பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போய் எட்டு வருஷம் ஆகிறது. முதல் மாதத்துக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அங்கே கொடுத்த புகாரில், கண்டுபிடிக்க முடியவில்லை என்று ‘சி ரிப்போர்ட்’ போட்டுவிட்டார்களாம். வீடும் ஒன்றரை ஏக்கர் நிலமும் அவர் பெயரில் இருக்கின்றன. ஒரு எல்.ஐ.சி. பாலிசியும் உண்டு. எங்கே போனாலும் இறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். கோர்ட்டுக்குப் போகலாம் என்றால் மாமியார், “என் பையனை நீயே சாகடிக்கப் போறியா?” என்று அழுகிறார். இரண்டு பிள்ளைகள். நான் என்ன செய்வது?

பதில்: முதலில் உங்கள் மாமியாரின் கேள்வி. அதற்குப் பதில் கிடைக்காமல் வீட்டில் எந்தக் காகிதமும் நகராது.

ஒருவர் இறந்துவிட்டார் என்று இந்த வழக்கில் யாரும் சத்தியம் செய்யத் தேவையில்லை. பாரதிய சாட்சிய அதினியம் 111ஆம் பிரிவு (2024 ஜூலைக்கு முன் சாட்சியச் சட்டம் 108ஆம் பிரிவு) கேட்பது ஒன்றுதான்: அவர் உயிரோடு இருந்தால் இயல்பாக யாருக்குத் தகவல் வந்திருக்குமோ, அவர்களுக்கு ஏழு ஆண்டாக ஒரு தகவலும் வரவில்லையா? பெற்ற தாயைவிட அப்படி ஒருவர் யார்? உங்கள் மாமியார் கூண்டில் ஏறி, “ஏழு வருஷமா என் பையன்கிட்டயிருந்து ஒரு சேதியும் வரலை” என்று சொன்னால் போதும். அது உண்மை. மகன் செத்தான் என்று அவர் சொல்ல வேண்டாம். அதை வைத்து நீதிமன்றம் செய்வது ஒரு சட்ட அனுமானம் மட்டுமே. நாளை அவர் வந்து நின்றால் அந்த அனுமானம் உடைந்துவிடும், தீர்ப்பையும் மாற்றிக்கொள்ளலாம். போலீஸ் தேடுவதற்கும் இது தடையல்ல. புதுத் தடயம் கிடைத்தால், முடித்த வழக்கிலும் மேல்விசாரணை செய்ய பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 193(9) பிரிவு இடம் தருகிறது.

மாமியாரை எதிர்த்தரப்பில் நிறுத்தாமல் உங்களோடு வாதியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகளோடு தாயும் முதல் வகை வாரிசு. உங்கள் வீட்டில் ஆளுக்குக் கால் பங்கு. அவரை விட்டுவிட்டுப் போட்ட வழக்கு பாதியில் திணறும். அவருக்குள்ள பங்கை முதலிலேயே வாய்விட்டுச் சொன்னால் வீட்டுச் சண்டையில் பாதி அடங்கிவிடும்.

வழக்கு வேலை இப்படிப் போகும். பெங்களூரு காவல் நிலையத்திலிருந்து முதல் தகவல் அறிக்கை, சி ரிப்போர்ட் இரண்டின் சான்றிட்ட நகலையும் வாங்குங்கள். கர்நாடகத்தில் ‘ஏ’ என்றால் குற்றப்பத்திரிகை, ‘பி’ என்றால் வழக்கில் ஆதாரமில்லை, ‘சி’ என்றால் கண்டுபிடிக்க முடியவில்லை. உங்களுக்கு வேண்டியது ‘சி’. ‘பி’ என்று இருந்தால் கதை வேறு, உடனே வக்கீலிடம் காட்டுங்கள். காகிதங்கள் கன்னடத்தில் இருக்கும். வழக்கு போடும் முன்பே தமிழில் மொழிபெயர்த்துச் சான்று வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அதற்காகவே வாய்தா வாய்தாவாகப் போகும்.

அடுத்து, நிலம் இருக்கும் எல்லைக்குரிய உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகை வழக்கு, அதாவது அவர் இறந்ததாகக் கருதலாம் என்று நீதிமன்றம் அறிவிக்கக் கோரும் வழக்கு. ஆட்சியர், வட்டாட்சியர் ஆகியோரைப் பிரதிவாதியாகச் சேர்ப்பதால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80ஆம் பிரிவுப்படி இரண்டு மாத நோட்டீஸ் முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும். இதை மறந்து போட்ட வழக்குகள் திரும்பி வருகின்றன. நாளிதழ் அறிவிப்பும் இருக்கும். சாட்சியாக மாமியாரோடு, உங்கள் கணவரை வேலைக்குக் கூட்டிப்போன மேஸ்திரியோ கூட வேலை செய்தவரோ ஒருவர் வந்தால் பலம். ஏழு ஆண்டு என்பது கடைசித் தகவல் வந்த நாளிலிருந்து எண்ணப்படும். ஆனால் உறவுக்காரர் ஒருவர், “போன வருஷம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்த மாதிரி இருந்தது” என்று யோசிக்காமல் எழுதிக்கொடுத்தால் கணக்கு குழம்பிவிடும். அப்படி ஏதாவது பேச்சு இருந்தால் முதலில் நேரில் போய் விசாரியுங்கள்.

வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12ஆம் பிரிவில், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, நீதிமன்றக் கட்டணமும் அதில் அடங்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு நீதிமன்ற வளாகங்களிலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தொலைபேசி எண் 15100.

எல்.ஐ.சி. விஷயத்தில்தான் குடும்பங்கள் அதிகம் ஏமாந்துபோகின்றன. 2004இல் எல்.ஐ.சி. - அனுராதா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: சட்டம் அனுமானிப்பது இறந்தார் என்பதை மட்டும், எந்த நாளில் இறந்தார் என்பதை அல்ல. காணாமல் போன நாளே இறந்த நாள் என்று கோர முடியாது. இடையில் பிரீமியம் நின்றிருந்தால் பாலிசி காலாவதியாகி, முழுத் தொகை கைக்கு வராமல் போகலாம். நீங்கள் கட்டிவந்திருந்தால் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். நிறுத்தியிருந்தால், அதுவரை கட்டிய பிரீமியத்துக்கு ஏற்பக் கிடைக்கும் குறைந்த தொகை (பெய்ட்-அப் மதிப்பு) எவ்வளவு என்று கிளையில் எழுத்தில் கேளுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்கள், காணாமல் போய் ஓரிரு ஆண்டே ஆகியிருந்தால், எப்பாடு பட்டாவது பிரீமியத்தை நிறுத்தாதீர்கள்.

வங்கிக் கணக்கில் சிறு தொகை என்றால் நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமலே வாங்க வழி இருக்கிறது. முதல் தகவல் அறிக்கை, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் அறிக்கை, ஈட்டுறுதிக் கடிதம் (பின்னால் வங்கிக்கு இழப்பு வந்தால் ஈடுசெய்வதாக எழுதிக்கொடுப்பது) ஆகியவற்றை வைத்துத் தொகையைக் கொடுக்க 2008இலேயே ரிசர்வ் வங்கி வழி சொல்லியிருக்கிறது. எவ்வளவு தொகை வரை என்று உங்கள் வங்கியில் கேளுங்கள். கிளையில் தெரியாது என்றால் மண்டல அலுவலகத்துக்கு எழுதுங்கள். பிள்ளைகளின் பள்ளி, பாஸ்போர்ட் காகிதங்களில் அப்பா கையெழுத்துதான் வேண்டும் என்று யாராவது நின்றால், தந்தை இல்லாத நிலையில் தாயே இயற்கைப் பாதுகாவலர் என்ற 1999ஆம் ஆண்டு கீதா ஹரிஹரன் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

இனி தேடுதல். இதில் அவசரமானது ஒன்றுதான்: மாமியாரின் ரத்த மாதிரி. அடையாளம் தெரியாத உடலோடு ஒப்பிட தாய் அல்லது பிள்ளையின் மாதிரிதான் உறுதியானது, அண்ணன் தம்பி மாதிரி மட்டும் போதாது. தனியார் பரிசோதனை கூடத்தில் எடுப்பது பயன்படாது. விசாரணை அதிகாரி வழியாகத் தடய அறிவியல் துறைக்குப் போக வேண்டும். மாமியாருக்கு வயதாகிறது. இந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை ரசீது வாங்கிவையுங்கள்.

பெங்களூரில் மட்டும் தேடினால் போதாது. ஒகேனக்கல்லில் ஆற்றோடு போன உடல் மேட்டூர் நீர்த்தேக்கத்தில், சேலம் மாவட்ட எல்லையில் ஒதுங்கலாம். எதிர்க்கரையில் ஒதுங்கினால் அது சாமராஜநகர் மாவட்டம். தண்டவாளத்தில் கிடைத்தால் ரயில்வே போலீஸ். ஒவ்வோர் இடத்திலும் தனித்தனிப் பதிவேடு. காணாமல் போன தேதிக்குப் பிந்தைய மூன்று மாதங்களை இந்த நான்கு எல்லைகளிலும் கேளுங்கள். உயரம், தழும்பு, பச்சை குத்திய அடையாளம், பல், அன்று கட்டியிருந்த வேட்டி சட்டை இவற்றை ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.

உயிரோடு இருக்கும் சாத்தியத்தையும் அதே கவனத்தோடு பாருங்கள். மனநலம் பாதித்து ரயிலேறி மொழி தெரியாத மாநிலத்தில் காப்பகத்தில் இருப்பவர்கள் பலர். மகாராஷ்டிரத்தின் கர்ஜத்தில் இயங்கும் ஷ்ரத்தா மறுவாழ்வு நிறுவனம் அப்படிப்பட்டவர்களைக் குணமாக்கி வீட்டில் சேர்க்கிறது. காப்பகங்களில் புதிதாக ஆதார் எடுக்கும்போது பழைய பதிவிலுள்ள கைரேகையோடு ஒத்துப்போய் ஊர் தெரிந்த சம்பவங்களும் உண்டு. ஆதார் தகவலைக் குடும்பம் நேரடியாகக் கேட்க முடியாது, உயர் நீதிமன்ற உத்தரவு வேண்டும். செல்போன் அழைப்புப் பதிவுகளை நிறுவனங்கள் இரண்டு ஆண்டு வைத்திருந்தால் போதும் என்பது விதி, உங்களுக்கு அந்தக் காலம் போய்விட்டது. அண்மையில் ஒருவர் காணாமல் போயிருந்தால் முதல் வாரமே இதைப் போலீசிடம் வலியுறுத்த வேண்டும், அவருடைய எண்ணையும் ரீசார்ஜ் செய்து உயிரோடு வைக்க வேண்டும்.

“உங்க வீட்டுக்காரரைப் பார்த்தோம், வண்டிச் செலவுக்கு அனுப்புங்க” என்று அழைப்பு வரும். சுவரொட்டியில் ஓர் அடையாளத்தை மட்டும் போடாமல் வைத்துக்கொண்டு, அழைப்பவரிடம் அதைக் கேளுங்கள். வீடியோவில் முகம் காட்டாதவருக்கு ஒரு ரூபாய் கூட வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

கடைசியாக, வீட்டுக்குள் இருப்பது. இறந்தால் கருமாதி உண்டு, அழுது முடிக்க நாள் உண்டு. இங்கே எதுவும் இல்லை. இதை ‘தெளிவற்ற இழப்பு’ என்று பெயரிட்டு ஆராய்ந்தவர் அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ். ஒரே வீட்டில் ஒருவர் வருவார் என்பார், ஒருவர் வரமாட்டார் என்பார். இரண்டு பேரையும் ஒரே முடிவுக்கு இழுக்கப் பார்ப்பதுதான் வீட்டை உடைக்கிறது. மாமியார் விளக்கேற்றிக் காத்திருக்கட்டும். தாலியும் பொட்டும் உங்கள் விருப்பம், அதை ஊர் முடிவு செய்ய வேண்டாம், எந்தச் சட்டமும் கேட்பதில்லை. பிள்ளைகளிடம் “அப்பா எங்கே இருக்காருன்னு தெரியலை, தேடிட்டு இருக்கோம்” என்ற ஒரே வாக்கியத்தை வீட்டில் எல்லோரும் சொல்லுங்கள். பள்ளியில் ஒரு கதை, வீட்டில் ஒரு கதை என்றால் பிள்ளைகள் தங்களால்தான் அப்பா போனார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் இரண்டு வாரம் போனால் அரசின் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். முதல் முறை மாமியாரையும் கூடவே அழைத்துப் போங்கள்.