வெயில் கண்ட மீன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

மார்த்தாண்டம் சந்தையைப் பற்றி எழுதியபோது கருவாட்டுப் பெண்கள் உட்கார்ந்திருக்கும் மூலையை இரண்டே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்குக் கேள்வியே அந்த மூலையில்தான். கருங்கல் பக்கம் பிறந்தவன், பதினான்கு வருடமாக பெங்களூரில் இருக்கிறேன். போன மாதம் அம்மா கொடுத்துவிட்ட வாளைக் கருவாட்டைப் பொரித்தபோது குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ‘எங்கேயோ எலி செத்துக் கிடக்கிறது, பாருங்கள்’ என்று செய்தி வந்துவிட்டது. ஒன்பது வயது மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள். மனைவிக்கு ஈரோடு. அவள் வீட்டிலும் கருவாடு உண்டு, ஆனால் நான் ‘உணக்கமீன்’ என்றால் அது மலையாளம்தானே என்று சிரிக்கிறாள். ஐஸும் ஃபிரிட்ஜும் இல்லாத காலத்து ஏழைச் சாப்பாட்டை ஊர்ப்பாசத்தில் சும்மா தூக்கிப் பிடிக்கிறோமோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்திருக்கிறது. இன்னொன்று, இப்போது வாங்கும் கருவாட்டில் உப்பைத் தவிர ஒன்றும் தெரிவதில்லை. என் நாக்குதான் மாறிவிட்டதா?

(பெயர் வேண்டாம்), பெங்களூரு

தம்பி,

முதலில் அந்த ஈரோட்டுச் சிரிப்புக்கு ஒரு பதில் சொல்லிவிடலாம். நற்றிணையில் 45-வது பாட்டு. பெரிய ஊர்ப் பணக்காரன் மகன் தேரில் வந்து பரதவர் பெண்ணைச் சுற்றிக்கொண்டிருக்கிறான். தோழி அவனை நிறுத்தி, நாங்கள் சுறாவை அறுத்துக் காயப்போட்டு அதைப் பறவை கொத்தாமல் விரட்டிக்கொண்டிருக்கிறவர்கள், எங்கள் மேல் புலால் நாறும், தள்ளி நில் என்கிறாள். அந்தக் காயப்போட்ட சுறாவுக்குப் பாட்டில் உள்ள சொல் ‘உணக்கல்’. உணங்குவது என்றால் காய்வது, உணக்குவது என்றால் காயவைப்பது. பல ஊர்களில் தேய்ந்துபோன சொல், தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தங்கிவிட்டது, அவ்வளவுதான். 1956 நவம்பர் 1 அன்று, அதுவரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த நம் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது யாரும் சொற்களை எல்லையில் இறக்கி வைத்துவிட்டு வரவில்லை.

நாறும் என்பதை அந்தத் தோழி தானே முதலில் சொல்லிவிடுகிறாள் பாருங்கள், அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். எங்கள் ஆட்களிலும் பெரிய மனிதர்கள் உண்டு என்று சொல்லித்தான் முடிக்கிறாள். 2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில் மீன் விற்றுவிட்டு வீட்டுக்குப் போக ஏறிய வயதான அம்மா ஒருவரை, நாற்றம் அடிக்கிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் அங்கேயே நின்று சத்தமாக நியாயம் கேட்டார். அந்தக் காணொளி ஊரெல்லாம் பரவி, முதலமைச்சர் கண்டித்து, ஓட்டுநரும் நடத்துநரும் பணியிடை நீக்கம் ஆனார்கள். அதோடு பார்த்தால் உங்கள் வாட்ஸ்அப் குழு எவ்வளவோ தேவலை. ஆனால் நானும் யோக்கியன் இல்லை. பள்ளிக்கூடம் போகிற காலத்தில் பஸ்ஸில் கடவம், அதாவது மீன் கூடை, ஏறினால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். சாயங்காலம் வீட்டில் அதே கடவத்து மீனைத்தான் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்வேன்.

ஏழைச் சாப்பாடா என்று கேட்டால், ஆமாம். அதில் மறைக்க என்ன இருக்கிறது? 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கை, ஊர் ஊராகப் பரப்பினார். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்து அரிசி வரத்து நின்றபோது நம் பக்கத்துக்காரர்கள் அந்தக் கிழங்கில்தான் உயிர் பிழைத்தார்கள். ஆனால் மரச்சீனியில் மாவைத் தவிர பெரிதாக ஒன்றும் கிடையாது. அதோடு சேர வேண்டியது உப்பும் மீனும். இரண்டும் ஒரே துண்டில் இருந்தால் எவ்வளவு வசதி, அதுவும் ஒரு விரல் நீளத் துண்டில் ஒரு சட்டிக் கிழங்கு இறங்கிவிடும் என்றால். ஏழைக்கு மட்டும் என்றும் இல்லை, பிள்ளை பெற்ற பெண்ணுக்குச் சுறாக் கருவாடு தேடி வாங்கிய வீடுகளில் ஓட்டு வீடும் உண்டு, ஓலை வீடும் உண்டு.

ஃபிரிட்ஜ் இல்லாததால் வந்தது என்கிறீர்களே, அதை முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் வீடு அருமனைக்குப் பக்கம், கடல் கண்ணுக்குத் தெரியாத ஊர். பங்குனி, சித்திரை வெயிலில் தேங்காய்ப்பட்டணம் பக்கத்திலிருந்து கருவாடு வரும். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, இறங்குவதற்குள் பாட்டி வாங்கி வைத்துவிடுவாள். ஏனென்றால் அப்புறம் ஆனி, ஆடியில் கடல் அடிக்கும், வள்ளம் இறங்காது. கொஞ்சம் அடங்கிய நாளில் மீன் கிடைக்கும்தான், ஆனால் அது மலையடிவாரம் வரைக்கும் வந்து சேராது. இன்றைக்கு மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை என்று அரசாங்கம் சொல்கிறது. அதற்கு வெகுகாலம் முன்பே கடல் தன் பாட்டில் தடை போட்டுக்கொண்டுதான் இருந்தது. அந்த இரண்டு மாதத்துக்கான கணக்குதான் கருவாடு. எனக்கு இன்றும் கருவாட்டு வாடை வந்தால் வெயிலோ கடற்கரையோ ஞாபகம் வராது, ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுவதும், ஈர விறகு புகைவதும், அடுப்புக்கு மேலே பரணில் வாய் கட்டிய மண்பானையும்தான். அந்த நேரத்தில் சக்கைக்குருவும் (பலாக்கொட்டை) வீட்டில் இருக்கும், கடைசி மாங்காயும் இருக்கும். கருவாட்டோடு அவை இரண்டையும் போட்டுத் தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு ஒன்று உண்டு. அதைப் பற்றி எழுதினால் இந்தப் பதில் முடியாது.

சரி, நாக்கு விஷயம். உங்கள் நாக்கு மாறவில்லை, மீன்தான் மாறிவிட்டது.

பாட்டி கருவாடு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். கடவத்தை இறக்கியதும் விலை கேட்க மாட்டாள். ஒரு நெத்தோலியை எடுத்துத் தலையை ஒடிப்பாள், சடக் என்று ஒடிய வேண்டும், வளைந்தால் வேண்டாம். அயிலை (கானாங்கெளுத்தி) என்றால் முதுகெலும்பை ஒட்டி நகத்தால் கீறி, நகத்தை முகர்ந்து பார்ப்பாள். வெளியே எவ்வளவு காய்ந்திருந்தாலும் அழுகல் அங்கேதான் ஒளிந்திருக்கும். கடவத்துக்காரம்மா அதுவரை பொறுத்திருந்துவிட்டு, "நல்லா வெயிலு கண்ட மீனாக்கும்" என்பார். அதன் பிறகுதான் பேரம். பாதிக்குக் காசு, பாதிக்கு மரச்சீனியும் தேங்காயும்.

வெயில் கண்ட மீன் என்று அவர் சொன்னதில் எல்லாமே இருக்கிறது. நெத்தோலிக்கு உப்பே வேண்டாம், மெல்லிய மீன், நல்ல வெயில் என்றால் இரண்டு நாளில் காய்ந்துவிடும். அயிலை மாதிரி சதை உள்ளதை முதுகுப் பக்கம் கீறி, குடலும் செவுளும் எடுத்து, கழுவி, உப்பைத் திணித்து அடுக்கி வைப்பார்கள். உப்பு மீனின் தண்ணீரை வெளியே இழுக்கும், அந்தத் தண்ணீரிலேயே மீன் ஊறும், அப்புறம்தான் வெயில். சாளை (மத்தி) கொழுத்திருக்கிற காலத்தில் நன்றாகக் காயாது, எண்ணெய் காறிவிடும். ஆக எந்த மீனை எந்த மாதத்தில், எவ்வளவு உப்பில், எத்தனை வெயில் என்பதெல்லாம் கரையில் உள்ள பெண்களின் கைக்கணக்கு.

இப்போது அந்த வெயிலைத்தான் குறைக்கிறார்கள். நன்றாகக் காய்ந்தால் மூன்று கிலோ பச்சைமீனில் ஒரு கிலோ தேறினாலே பெரிது. அரைகுறையாகக் காயவைத்து உப்பை ஏற்றினால் எடை நிற்கும், தண்ணீரும் உப்பும் மீன் விலைக்குப் போகும். காயப்போட இடமும் குறைந்துவிட்டது. கடலரிப்புக்குக் கருங்கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பிய ஊர்களில் மணலே மிச்சமில்லை, ரோட்டோரத்திலும் மொட்டை மாடியிலும் வலை விரித்துக் காயப்போடுகிறார்கள். இன்னொரு பக்கம், முன்பு உப்புக்குப் போன நல்ல மீன் ஐஸுக்குப் போகிறது. 1953-ல் கொல்லம் பக்கம் நீண்டகரையில் மீன்பிடிப்பை நவீனமாக்க இந்திய-நார்வே திட்டம் வந்ததிலிருந்து ஆரம்பித்த மாற்றம் அது. அப்போது நம் ஊரும் கொல்லமும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். பொடிமீன் கோழித் தீவனத்துக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவே விழுவதுதான் உங்கள் பாக்கெட்டுக்கு வருகிறது.

நானும் ஏமாந்தவன்தான். இரண்டு வருடம் முன்பு நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில், பெயர் எதற்கு, கண்ணாடி மாதிரி பாக்கெட்டில் வெள்ளை வெளேரென்று இருந்த கட்டாக் கருவாட்டை வாங்கினேன். மழை பிடித்த பத்தாவது நாள் அதன் மேல் ரோஸ் பவுடர் தூவியது போல ஒரு படலம். உப்பிலேயே வாழ்கிற கிருமி அது, உப்பளத்து உப்போடு வரும், ஈரக்காற்று பட்டால் எழுந்துவிடும். தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். கடைக்காரர் ரொம்ப மரியாதையாக, "ஃபிரிட்ஜில வைக்கலியா சார்?" என்றார். கருவாட்டை! பாட்டி இருந்திருந்தால் அந்த ஆளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கியிருக்காது.

மகளுக்குப் பொரித்துக் கொடுக்காதீர்கள். அடுக்குமாடியில் பொரிப்பது போருக்குப் போவது மாதிரி. நெத்தோலியை வெந்நீரில் போட்டு மணல் போக அலசி, ஈரம் வற்றும் வரை வெறும் சட்டியில் வறுத்து, தேங்காய், வற்றல் மிளகாய், சின்ன வெங்காயம், துளி புளி சேர்த்து அம்மியிலோ மிக்ஸியிலோ ஒன்றிரண்டாக அரைத்துச் சம்மந்தி ஆக்குங்கள். சூடான கஞ்சியோடு வையுங்கள். என்ன மீன் என்று அவளாகக் கேட்கும் வரை ஒன்றும் சொல்ல வேண்டாம். வாளையைப் பொரித்தே தீர வேண்டும் என்றால் அரிசி கழுவிய தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துவிட்டு, குடியிருப்பில் யாராவது பெரிதாகச் சாம்பிராணி போடுகிற வெள்ளிக்கிழமையாகப் பாருங்கள்.

சந்தையில் நான் வாங்குகிற அம்மா ஒருவர் இருக்கிறார். ஒடித்துக் காட்டாமல் காசு வாங்க மாட்டார். சித்திரையில் ஊருக்கு வந்தால் ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள், வாளை எடுத்து வைக்கச் சொல்கிறேன். மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், மூக்கைப் பொத்திக்கொண்டே வரட்டும், ஒரு நெத்தோலித் தலையை அவள் கையால் ஒடித்துப் பார்க்கட்டும்.