ரோஸ்டர் ஓவன்: கேள்வி பதில்

கேள்வி: முழுக்கோழி நன்றாக வேகிறது, தோல் மட்டும் அவித்ததுபோல் வெளிறியிருக்கிறது. ஏன்?

பதில்: ரோஸ்டர் ஓவன் என்பது, வெளிக்கூட்டுக்குள் தனிப் பாத்திரத்தை வைத்து மேலே மூடி போட்டுச் சமைக்கும் மின் ஓவன். இதில் சூடேற்றும் கம்பிகள் பக்கச் சுவர்களைச் சுற்றியே ஓடுகின்றன, மேலிருந்து சூடு இறங்குவதில்லை. மூடிக்குள் ஆவி அடைபட்டுத் தோல் ஈரமாக இருக்கும்வரை, அதன் மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அரிது. சிவப்பதற்கோ ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். ஆகவே கோழியை ஈரம் போகத் துடைத்து, கம்பித்தட்டின்மேல் வைத்து, முன்சூடேற்றிய ஓவனில் முதல் அரைமணி நேரம் 230 டிகிரியிலும் பிறகு 165 டிகிரியிலும் வேகவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். மூடியைத் திறக்கவே வேண்டாம். தொடையின் பருத்த பகுதியில், எலும்பில் படாமல் செருகிய வெப்பமானி 74 டிகிரி காட்டினால் வெந்துவிட்டது. இவ்வளவு செய்தாலும், பெரிய ஓவனில் வரும் மொறுமொறுப்பை எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: தண்ணீர் ஊற்றாவிட்டால் இறைச்சி வறண்டுவிடாதா? நாங்கள் எப்போதும் இரண்டு கோப்பை ஊற்றுகிறோம்.

பதில்: இறைச்சி வறள்வது அளவுக்கு மீறி வேகவைப்பதால், தண்ணீரிலேயே கிடந்தாலும் அதிகம் வெந்த நெஞ்சுக்கறி சக்கையாகத்தான் இருக்கும்.

கேள்வி: அப்படியானால் தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு வேகவைத்த என் மாட்டிறைச்சி பஞ்சுபோல் வந்தது எப்படி? முன்னவர் சொல்வதே சரி.

பதில்: இருவரும் வெவ்வேறு இறைச்சியைப் பற்றிப் பேசுகிறீர்கள். உழைத்து இறுகிய தசையிலுள்ள இணைப்புத் திசு, ஈரச் சூட்டில் மணிக்கணக்காக வெந்தால்தான் கரைந்து குழையும்; அதற்குத் தண்ணீரும் மூடியும் உகந்தவை, இந்த ஓவன் சிறந்து விளங்குவதும் அங்கேதான். கோழிக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. தோல் சிவக்க வேண்டுமா, இறைச்சி குழைய வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

கேள்வி: எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கலாம்?

பதில்: திறக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் சூடான காற்று முழுவதும் வெளியேறிவிடுகிறது. மீண்டும் சூடேறும் நேரமும் சமையலோடு சேர்ந்துகொள்கிறது.

கேள்வி: எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகலாமா?

பதில்: கூடாது. 1450 வாட் ஓவன் 120 வோல்ட்டில் 12 ஆம்பியர் இழுக்கும். 230 வோல்ட்டில் 6 ஆம்பியருக்குச் சற்று மேல். மெல்லிய வயர் சூடேறி உருகக்கூடும். சுவர் சாக்கெட்டிலேயே நேராகச் செருகுங்கள். அதே லைனில் கெட்டிலையும் போடாதீர்கள்.

கேள்வி: உள்பாத்திரத்தை எடுத்துவிட்டு வெளிக்கூட்டிலேயே சமைத்தால் இடம் கூடுமே?

பதில்: ஒருபோதும் கூடாது. அது மின்கம்பிகளைத் தாங்கும் கூடு, சமைக்கும் பாத்திரமன்று.

கேள்வி: குளிர்சாதனப் பெட்டியில் இருந்த குழம்பை ‘வார்ம்’ நிலையில் வைத்துச் சூடாக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த நிலை சூடான உணவை 60 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருப்பதற்கு மட்டுமே. குளிர்ந்த உணவு அதில் மெல்லச் சூடேறுவதற்குள் கிருமிகள் பெருகிவிடும். அடுப்பில் 74 டிகிரிவரை சூடாக்கிப் பிறகு மாற்றுங்கள்.

கேள்வி: நடுவில் மூடியைத் திறந்து கோழியின்மேல் சாற்றை ஊற்றலாம் அல்லவா?

பதில்: திறக்க வேண்டாமென்று மேலே இரண்டு முறை எழுதிவிட்டேன். மூடியில் திரளும் ஆவியே சொட்டாக அதன்மேல் விழுகிறது.

கேள்வி: ஓவனிலுள்ள விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. பழுதா?

பதில்: இல்லை. சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் வேலை செய்கிறது.