கணினி கேள்வி பதில்: லாகில் ஒன்றுமில்லை, சர்வர் விழுந்து கிடக்கிறது

கேள்வி: எங்கள் கம்பெனியில் சி++ல் எழுதிய சர்வர் ஒன்று லினக்ஸில் ஓடுகிறது. வாரத்துக்கு ஓரிரு முறை, கூட்டம் அதிகமான நேரத்தில், திடீரென்று கிராஷ் ஆகிவிடுகிறது. லாகில் எதுவும் இல்லை, என் லேப்டாப்பில் வருவதும் இல்லை. சில இடங்களில் பிரிண்ட் போட்டு ஏற்றினேன், கிராஷ் நின்றுவிட்டது! அப்படியே விட்டுவிடலாமா?
- வாசகர், கோவை

பதில்: விடாதீர்கள். பிரிண்ட் எதையும் சரிசெய்யவில்லை. ஒவ்வொரு பிரிண்டுக்கும் த்ரெட்டுகள் (ஒரே புரோகிராமுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் வேலை இழைகள்) ஒரு பூட்டுக்காக வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது, அதனால் மோதிக்கொண்டிருந்த இரண்டு த்ரெட்டுகள் இப்போது கொஞ்சம் முன்னே பின்னே போகின்றன, அவ்வளவுதான். மெஷினை மாற்றினால் திரும்பவும் வந்து நிற்கும்.

லேப்டாப்பில் வரவழைக்கப் போராடுவதைவிட, அடுத்த முறை விழும்போது தடயம் சிக்குகிற மாதிரி சர்வரைத் தயார் செய்யுங்கள். முதலில், அது தானாக விழுந்ததா, கொல்லப்பட்டதா? புரோகிராம் முடியும்போது விட்டுச்செல்லும் எண்ணான எக்ஸிட் கோடைப் பாருங்கள். 137 என்றால் 128உடன் சிக்னல் எண் 9, அதாவது யாரோ கில் சிக்னல் அனுப்பியிருக்கிறார்கள். பெரும்பாலும் மெமரி தீர்ந்துபோய் லினக்ஸின் மையமான கெர்னலே செய்த வேலை, கெர்னல் லாகில் எழுதியிருக்கும். அப்படியானால் நீங்கள் தேடவேண்டியது கிராஷை அல்ல, மெமரி எங்கே போகிறது என்பதை. 139 என்றால் செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தொடக்கூடாத மெமரியைத் தொட்டிருக்கிறது. 134 என்றால் அபார்ட், புரோகிராம் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது; டபுள் ஃப்ரீயை (ஒரே மெமரியை இரண்டு முறை விடுவிப்பது) கண்டுபிடித்த லைப்ரரி புலம்பிவிட்டு நிறுத்தியிருக்கலாம், அந்தப் புலம்பல் பிழைச்செய்திகளுக்கான ஸ்டாண்டர்ட் எரர் என்ற தனி வழியில் போகும், அதைத்தான் நம்மில் பலர் குப்பையில் திருப்பிவிட்டு லாக் காலி என்கிறோம். லாகின் கடைசி வரிகள் டிஸ்குக்குப் போகாமல் பஃபரிலேயே இருந்து செத்துப்போவதும் உண்டு.

அடுத்தது கோர் டம்ப், அதாவது விழுந்த கணத்தில் சர்வரின் மெமரி இருந்த நிலையைப் பதிந்துவைக்கும் கோப்பு. பல இடங்களில் அதன் அளவு வரம்பு பூஜ்யமாகவே இருக்கும், அதைத் திறந்துவிடுங்கள். கோப்பு எங்கே போய் விழும், அங்கே டிஸ்கில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். (மெமரியின் நகல் அது, வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டு வரை உள்ளே இருக்கலாம். வாட்ஸப்பில் அனுப்பிவைக்காதீர்கள்.) அதே பில்டின் டீபக் சிம்பல்களையும் (எந்த முகவரி கோடின் எந்த வரி என்று சொல்லும் தகவல்) பத்திரப்படுத்துங்கள், இல்லாவிட்டால் டம்பைத் திறந்து பார்க்கும் கருவியான ஜிடிபியில் வெறும் முகவரிகள்தான் தெரியும். ஆப்டிமைசேஷன் போட்ட பில்டிலும் சிம்பல் வைத்துக்கொள்ளலாம், அதனால் வேகம் குறையாது.

நாலைந்து டம்ப் சேர்ந்ததும் எல்லா த்ரெட்டுகளின் பேக்ட்ரேஸையும் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு அங்கே வந்தது என்ற பட்டியல்) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே வரி என்றால் அதிர்ஷ்டம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடம், அதுவும் மெமரி கேட்கும் இடத்திலோ விடுவிக்கும் இடத்திலோ என்றால், தப்பு நடந்த இடம் வேறு, விழுந்த இடம் வேறு. விடுவித்த மெமரியைத் தொடுவது என்பது, காலி செய்துவிட்டுப் போன வீட்டுக்குள் பழைய சாவியோடு மறுபடி நுழைவது மாதிரி. வீடு காலியாகவே இருந்தால் ஒன்றும் நடக்காது, புதுக் குடித்தனம் வந்திருந்தால்தான் ரகளை. கூட்ட நேரத்தில் மெமரி உடனுக்குடன் கைமாறுவதால் அப்போது மட்டும் விழுகிறது.

இதற்கு, மெமரியைத் தப்பாகத் தொடுவதை ஓடும்போதே பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் போட்ட பில்ட்தான் என் சிபாரிசு. யார் ஒதுக்கினார், யார் விடுவித்தார், அப்புறம் யார் தொட்டார் என்று மூன்று பேக்ட்ரேஸும் கொடுத்துவிடும். வேகம் சுமார் பாதியாகும், மெமரியும் கூடுதலாகத் தின்னும், ஆகவே பல சர்வர்கள் இருந்தால் ஒன்றில் மட்டும் ஓட்டுங்கள். த்ரெட் மோதலுக்குத் த்ரெட் சானிடைசர் தனியாக இருக்கிறது, இரண்டையும் ஒரே பில்டில் சேர்க்க முடியாது. அதற்கு முன், உங்கள் கோடில் ஸ்ட்ர்டோக் (strtok, எழுத்துச்சரத்தைத் துண்டு போடும் ஃபங்ஷன்) இருக்கிறதா என்று ஒரு தேடல் போட்டுவிடுங்கள். விட்ட இடத்தை எல்லா த்ரெட்டுகளுக்கும் பொதுவான ஓரிடத்தில் அது குறித்துவைப்பதால், பல த்ரெட் ஓடும் சர்வரில் அதற்கு வேலையே இல்லை.

கேள்வி: கிராஷ் ஆனால் ரீஸ்டார்ட் ஆகும்படி போட்டால் போதும் என்கிறார் மேனேஜர். சரியா?
- வாசகர், சென்னை

பதில்: பாதி சரி. டாண்டம் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த ஜிம் கிரே 1985ல் எழுதிய கட்டுரையில், ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் மிஞ்சுகிற பக்குகள் பெரும்பாலும் மறுபடி முயன்றால் காணாமல்போகிற ஹைசன்பக் வகை என்றார். எனவே ராத்திரி தூங்க ரீஸ்டார்ட் வேண்டும்தான். ஆனால் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் ஓர் எச்சரிக்கை வரவேண்டும், டம்பும் சேமிக்கப்பட வேண்டும். லினக்ஸில் சர்வர்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி தன் இயல்பான அமைப்பில் 10 வினாடிக்குள் 5 முறை தொடங்கிப் பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடும் என்பதையும் மேனேஜரிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: கோ மொழிக்கு மாறினால் இந்தத் தொல்லை தீருமா?
- வாசகி, மதுரை

பதில்: மெமரியை நீங்களே விடுவிக்கிற வேலை போகும், த்ரெட் மோதல் போகாது. இரண்டு கோரூட்டீன்கள் (கோவின் இலகுவான த்ரெட்டுகள்) ஒரே மேப்பில் (பெயருக்கு எதிரே மதிப்பு வைக்கும் அட்டவணை) பூட்டில்லாமல் எழுதுவதைக் கோ கவனித்துவிட்டால் புரோகிராமையே நிறுத்திவிடும், பிழையிலிருந்து மீட்கும் ரெகவர் போட்டும் பிடிக்க முடியாது. டெஸ்டுகளை, மோதலைக் கண்டுபிடிக்கும் ரேஸ் டிடெக்டரோடு ஓட்டுங்கள். ஆனால் ஓடிப்பார்த்த பாதையில் இருக்கும் மோதலை மட்டுமே அது சொல்லும், எனவே கூட்ட நேரத்து சுமையைக் கொடுத்து ஓட்டுங்கள்.