சிடி பாடுகிறது, டிவிடி ஓடவில்லை: லென்ஸ் போய்விட்டதா?

கேள்வி: எங்கள் வீட்டு டிவிடி பிளேயரில் பாட்டு சிடிகள் நன்றாகப் பாடுகின்றன. டிவிடி போட்டால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு 'நோ டிஸ்க்' என்று காட்டுகிறது. கனடாவிலிருந்து அண்ணா அனுப்பிய கலியாண டிவிடியும் அப்படித்தான். கடையில் 'லென்ஸ் போய்விட்டது, மாற்ற வேண்டும்' என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா? — வாசகி, குருநகர்

பதில்: கடைக்காரர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் துடைத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

சிடி பாடுகிறது என்றால் மோட்டார், பவர் சப்ளை எல்லாம் வேலை செய்கின்றன என்று அர்த்தம். சிடியை வாசிப்பது 780 நானோமீற்றர் அகச்சிவப்பு லேசர். டிவிடிக்கு 650 நானோமீற்றர் சிவப்பு லேசர். அநேகமான பிளேயர்களில் இந்த இரண்டும் தனித்தனி டயோட்கள் (லேசர் ஒளியைத் தரும் சின்னப் பாகங்கள்), ஆகவே ஒன்று களைத்துப்போக மற்றது நன்றாக இருக்கலாம். கடைக்காரர் நினைப்பது இதைத்தான்.

ஆனால் அழுக்குப் படிந்தாலும் முதலில் அடிபடுவது டிவிடிதான். சிடியில் தகவல் பதிந்த தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோன் இடைவெளி, டிவிடியில் 0.74 மட்டும். கொஞ்சம் மங்கிய லென்ஸால் சிடியைச் சமாளிக்க முடியும், டிவிடியை முடியாது. உங்களுக்கோ கடற்கரை வீடு. சோளகம் வீசும் மாதங்களில் புழுதியும் உப்பும் சேர்ந்தே உள்ளே வரும். பிளேயர் சாமியறைக்குப் பக்கத்தில் இருந்தால் சாம்பிராணிப் புகையும் லென்ஸில் எண்ணெய்ப் படலம் போலப் படியும். தூரிகை வைத்த கிளீனிங் டிஸ்க் மெல்லிய தூசிக்குச் சரி, இந்தப் படலத்துக்கு உதவாது.

டிஸ்க் வைக்கும் தட்டை வெளியே வரவைத்து, அந்த நிலையிலேயே பிளக்கைக் கழற்றுங்கள். சில நிமிடம் கழித்து மேல்மூடியின் ஸ்க்ரூக்களை எடுங்கள். வயர் வந்து சேரும் பக்கத்துப் பலகையில் உள்ள பெரிய கப்பாசிற்றரைத் தொடவேண்டாம். அது மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும், பிளக்கைக் கழற்றினாலும் அடிக்கும். லென்ஸ் நீலச் சாயலில் சின்னத் துளி போலத் தெரியும். மெல்லிய கம்பிகளில் தொங்குவதால் அழுத்தக் கூடாது. காது துடைக்கும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் அல்கஹோலைச் சொட்டாக விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒருமுறை தடவுங்கள். காய்ந்ததும் மூடுங்கள். தின்னர், பெற்றோல், செண்ட் எதுவும் ஆகாது. லென்ஸ் பிளாஸ்டிக், மங்கிவிடும். மூடி திறந்திருக்கும்போது பிளேயரை ஓடவிட்டு உள்ளே பார்க்கவும் கூடாது. சிடி லேசர் கண்ணுக்குத் தெரியாது.

கலியாண டிவிடியின் கதை வேறாகவும் இருக்கலாம். கடையில் விற்கும் டிவிடிகளில் நாடுகளைப் பிரித்து ஓடவிடும் 'ரீஜியன்' என்ற பூட்டு உண்டு. கனடாப் படமென்றால் ரீஜியன் 1, நம்முடைய பிளேயர்கள் ரீஜியன் 5. கலியாண டிவிடியில் பொதுவாக அந்தப் பூட்டு இருக்காது. அங்கத்தைய ரிவி ஒளிபரப்பு முறையான என்டிஎஸ்சி (NTSC), நம் ஊர் பால் (PAL) முறை ரிவிக்கு ஒத்துவராவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாகும், உருளும். 'நோ டிஸ்க்' வராது. கம்பியூட்டரில் பதிந்த ('எரித்த') டிவிடியில் லேசர் ஒளி திரும்பி வருவது குறைவு. பதிந்து முடித்ததும் டிஸ்க்கை மூடும் 'பைனலைஸ்' வேலையைச் செய்யாமல் விட்டிருந்தால் பல பிளேயர்கள் எடுக்கவே மாட்டா. கம்பியூட்டரில் போட்டுப் பாருங்கள். ஓடினால் அந்தக் கையோடு ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

கீறலும் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் கீறலைப் பிளேயர் பெரும்பாலும் சமாளிக்கும். வட்டமாகச் சுற்றும் கீறல்தான் ஆபத்து. துணியால் வட்டமாகத் துடைக்காதீர்கள் என்பது அதனால்தான்.

துடைத்த பிறகும் கடையில் வாங்கிய, கீறலில்லாத டிவிடி ஓடாவிட்டால் கடைக்காரர் சொன்னதே சரி. லேசரின் சின்னத் திருகைத் திருப்பி அதன் சக்தியைக் கூட்டித் தருகிறேன் என்று அவர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். கொஞ்ச நாள் ஓடும், பிறகு டயோட் ஒரேயடியாக எரிந்துபோகும். பிளேயரில் யூஎஸ்பி துளை இருந்தால் நான் லென்ஸுக்குச் செலவழிக்க மாட்டேன். கலியாணப் படத்தைப் பென்டிரைவில் ஏற்றி அதிலேயே பார்ப்பேன்.