சம்பந்தி வீட்டுப் பாட்டியின் அத்தி மரம்

வாசகர் கேள்வி – பதில்

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதம் இம்முறை வந்திருக்கிறது. அதிலுள்ள கேள்விகள் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்தில் வேலை பார்க்கிறான். அங்கேயே இத்தாலிய வம்சாவளிப் பெண்ணை மணந்துகொண்டான். மருமகளின் பாட்டி தென் இத்தாலியின் கலாப்ரியாப் பகுதியிலிருந்து 1950-களில் கப்பலேறி வந்தவர். பேரப்பிள்ளைகள், தேவாலயம், வீட்டுக்குப் பின்னாலிருந்த தோட்டம் என்றே வாழ்ந்து, சென்ற ஐப்பசியில் காலமானார். நான் அங்கே தங்கியிருந்த ஆறு மாதமும், மொழி தெரியாத என்னைக் கைப்பிடித்து அழைத்துப் போய் ஒவ்வொரு செடியையும் தொட்டுக் காட்டுவார். வரும் பொங்கலுக்கு ஊருக்கு வரும் மருமகள், பாட்டி வளர்த்த அத்தி மரத்தின் கொம்பையும் அவர் எடுத்து வைத்த தக்காளி விதையையும் கொண்டுவந்து எங்கள் நிலத்தில் நட ஆசைப்படுகிறாள். கொண்டு வரலாமா? இங்கே பிழைக்குமா?

பதில்: எனக்கு மனம் வரவில்லை என்றாலும், கொண்டு வர வேண்டாம் என்றே முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் விதை, கொம்பு, செடி ஆகியவற்றுக்கு 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இங்கே இறக்குமதி அனுமதியும், புறப்படும் நாட்டில் பெற்ற தாவர நலச் சான்றிதழும் வேண்டும். நினைவுப் பொருள்தானே என்று புடவை மடிப்புக்குள் வைத்து எடுத்து வருவது சட்டப்படி குற்றம் என்பதோடு, அக்கம்பக்கத்து நிலங்களுக்கும் ஆபத்து. தென் அமெரிக்காவைச் சேர்ந்த மாவுப்பூச்சி 2020-இல் இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்டு, நம் பக்கத்து மரவள்ளிக் காடுகளை என்ன பாடு படுத்தியது என்பதை அரூர், பாப்பிரெட்டிப்பட்டி விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். தக்காளியைத் தாக்கும் வைரஸ் நோய்களில் சில விதையோடு ஒட்டிக்கொண்டே ஊர்விட்டு ஊர் போகின்றன. பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளியை நம்பி எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். செடிகளை அத்தனை மதித்த அந்த அம்மாவும் இதற்குச் சம்மதித்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

தக்காளி விதை அங்கேயே, அவருடைய பிள்ளைகளின் தோட்டத்திலேயே முளைக்கட்டும். நன்றாக உலர்த்தி ஈரம் படாமல் வைத்தால் நான்கைந்து ஆண்டுகள் வரை அது முளைக்கும். ஆனால் அதை நம்பிக் கிடப்பில் போடாமல், இந்த ஆண்டே ஒருவர் விதைத்து, புது விதை எடுத்து, உடன்பிறந்தவர்களுக்கு ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்துவிட வேண்டும்.

அத்தியைப் பொறுத்தவரை நீங்கள் வருந்த வேண்டியதில்லை. அது நம் ஆற்றங்கரைகளில் நிற்கும் நாட்டு அத்தி அன்று, சீமை அத்தி. புனே பக்கத்திலும், ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த கஞ்சாமிலும் நெடுங்காலமாகப் பயிராகிறது. வறண்ட காற்றும் நீர் தேங்காத மண்ணும் அதற்குப் பிடிக்கும் என்பதால், உங்கள் நிலத்தில் மேட்டுப் பாங்கான இடமாகப் பார்த்து வைத்தால் நன்றாகவே வரும். நம் நாட்டு நாற்றங்கால் ஒன்றில் முதிர்ந்த, பெருவிரல் பருமனுள்ள போத்து, அதாவது நடுவதற்கான கொம்பு வாங்கி, இரண்டு கணு மண்ணுக்குள்ளும் இரண்டு கணு வெளியிலும் இருக்குமாறு தை மாதத்திலேயே நட்டுவிடலாம். மருமகள் வந்திருக்கும் நேரமும் அதுவே. இரண்டு மூன்று ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். புதுக் கிளைகளில் நிறையக் காய்ப்பதால் ஆண்டுதோறும் பழைய கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யுங்கள். பழம் கனியும்போது பறவைகள் விடாது என்பதால் வலை போடுங்கள்.

"அத்தி பூத்தாற்போல" என்று நாம் சொல்வோமே, அந்தப் பூ உண்மையில் பூக்காமல் இல்லை. நாம் பழம் என்று தின்பதற்குள்ளேயே நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் அடைந்திருக்கின்றன. முதல் பழத்தைப் பிளக்கும்போது உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள்.

கேள்வி: குளிர் தொடங்கும்போது அந்தப் பாட்டி அத்தி மரத்தின் கிளைகளைக் கயிற்றால் இழுத்துக் கட்டி, சாக்கும் பழைய கம்பளியும் சுற்றி, உச்சியில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைப்பார். முடித்ததும் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார். அது ஏதேனும் வேண்டுதலா? கேட்க நினைத்தேன், மொழி தெரியாததால் விட்டுவிட்டேன்.

பதில்: வாளி வேண்டுதல் அன்று, மழையும் பனியும் சாக்குக்குள் இறங்கி மரத்தை அழுகவிடாமல் காக்கும் மூடி அது. சீமை அத்தி மத்தியத் தரைக்கடல் பக்கத்து மரம். நியூ ஜெர்சியின் உறைபனியில் அதன் கிளைகள் கருகிவிடும் என்பதால், அங்கே குடியேறிய இத்தாலியர்கள் ஒவ்வோர் ஆண்டும் அதற்குப் போர்வை போர்த்துகிறார்கள். சிலர் ஒரு பக்கத்து வேரை வெட்டி, மரத்தையே சாய்த்துப் பள்ளத்தில் படுக்க வைத்து, மண் மூடி, குளிர் போனதும் நிமிர்த்துவதும் உண்டு.

பஞ்சம் பிழைக்கப் போன மக்கள் சொந்த ஊரின் மரத்தை இப்படிக் கட்டிக் காத்தது ஏன் என்பதற்கு வரலாறு விடை சொல்கிறது. 1880-க்கும் 1920-க்கும் இடையில் ஏறத்தாழ 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். பெரும்பாலோர் கலாப்ரியா, சிசிலி, நேப்பிள்ஸ் பக்கத்துக் கூலி விவசாயிகள். நிலம் சிலர் கையில் இருந்தது, உழைப்பு இவர்கள் கையில் இருந்தது. அமெரிக்காவின் 1924-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் அந்த வரவைப் பெரிதும் அடைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த உங்கள் சம்பந்தி வீட்டுப் பாட்டியைப் போன்றவர்கள், முன்னரே போயிருந்த உறவினரைப் பற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். ஊரில் தமக்கென்று ஒரு சாண் நிலம் இல்லாதவருக்கு, வீட்டுக்குப் பின்னால் கிடைத்த அந்த முப்பதடி மண் எப்படிப்பட்டதாக இருந்திருக்கும் என்பதைப் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய் மீண்டு, கடன் அடைத்து, கால் ஏக்கர் வாங்கிய நம் ஊர்ப் பெண்களிடம் கேட்டுத்தான் புரிந்துகொள்ள முடியும்.

சிலுவை அடையாளம் மட்டும் நீங்கள் நினைத்ததுதான். பங்குனி வரை பிழைத்திரு என்று மரத்துக்காகச் செய்த செபம் அது.

கேள்வி: நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அவர் நாள் தவறாமல் செபமாலை சொன்ன கத்தோலிக்கர். மருமகள் இங்கே இருக்கும்போது அவருக்காக நாங்கள் என்ன செய்வது பொருத்தமாக இருக்கும்?

பதில்: உங்கள் மாவட்டத்திலேயே எலத்தகிரி, கந்திகுப்பம் போன்ற ஊர்களில் தலைமுறைகளாகக் கத்தோலிக்கர்கள் வாழ்கிறார்கள். அருகிலுள்ள ஆலயத்தின் பங்குத்தந்தையிடம் பாட்டியின் பெயரைக் கொடுத்து, ஆன்ம இளைப்பாற்றிக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கேளுங்கள். மருமகளோடு போய் அமர்ந்திருங்கள், அது போதும். வீட்டில் நீங்கள் வழக்கமாக ஏற்றும் விளக்கை ஏற்றுங்கள். அவருடைய முறையை நடித்துக் காட்ட வேண்டியதில்லை.

நாள் பார்ப்பதாயின் இரண்டு நாள்கள் உள்ளன. நவம்பர் 2, இறந்தோரை நினைக்கும் கல்லறைத் திருநாள். மார்ச் 19, சூசையப்பர் திருநாள். பின்னதைத் தென் இத்தாலியர் பெரிதாகக் கொண்டாடுவார்கள். சிசிலித் தீவில் அன்று பெரும் பந்தி விரித்து ஏழைகளுக்கு உணவிடுவார்கள், நம் மொச்சைக்கு உறவான ஒரு பயறும் அந்தப் பந்தியில் இருக்கும். அந்தச் சூசையப்பரை "வளன்" என்று பெயரிட்டுத் தமிழில் பாடிய வீரமாமுனிவர் 1680-இல் இத்தாலியில் பிறந்தவர் என்பதை மருமகளிடம் சொல்லுங்கள், மகிழ்வாள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். இத்தாலியில் சாமந்தி கல்லறைக்குரிய பூ. உயிரோடிருப்பவர்களுக்கு அதைக் கொடுக்க மாட்டார்கள். நம் பக்கமோ சாமந்தி விளையும் பூமி. வந்து இறங்கும் மருமகளுக்கு ஆசையாகச் சாமந்தி மாலை போட்டு, துக்கம் ஆறாத பெண்ணைத் திடுக்கிட வைத்துவிடாதீர்கள். மல்லிகையோ ரோஜாவோ போடுங்கள். பாட்டியின் படத்துக்குச் சாமந்தி தாராளமாகப் போடலாம்.

கேள்வி: குடும்பத்தார் பாட்டியின் நினைவாக ஒரு சிறு புத்தகம் போடுகிறார்கள். என்னையும் ஒரு பக்கம் எழுதச் சொல்கிறார்கள். அன்பானவர், பக்தி மிக்கவர், தோட்டத்தை நேசித்தவர் என்பதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

பதில்: அந்த மூன்று சொற்களையும் மற்றவர்கள் எழுதுவார்கள், நீங்கள் விட்டுவிடுங்கள். உங்கள் கடிதத்திலேயே அந்தப் பக்கம் இருக்கிறது. வாளியைக் கவிழ்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்ட கையில் குடும்பம், பக்தி, தோட்டம் மூன்றும் சேர்ந்தே இருந்தன. அதைப் பார்த்தபடி எழுதுங்கள். எந்தச் செடியை முதலில் தொட்டுக் காட்டினார், தக்காளியை எதனால் கட்டினார், ஆவணி வாக்கில் குடும்பமே கூடித் தக்காளிச் சாறு காய்ச்சிப் புட்டியில் அடைப்பார்களே, அப்போது துளசிக்கு உறவான அந்தத் திருநீற்றுப் பச்சிலையை எப்போது போட்டார், செபமாலை எந்த ஆணியில் தொங்கியது என்று எழுதுங்கள்.

பென்னாகரம் பக்கத்தில் இருந்த என் பாட்டி, அடுப்புச் சாம்பலில் புரட்டிய அவரை விதையை ஒரு மண் கலயத்தில் போட்டு, வேப்பிலையால் மூடிப் பரணில் வைப்பார். பட்டையான காய், விளிம்பில் மட்டும் ஊதாக் கோடு ஓடும். அவர் போன பின் வீட்டைச் சுத்தம் செய்தபோது அந்தக் கலயத்தை நாங்களே தூக்கிப் போட்டோம். அந்த அவரையின் பெயரைக்கூட ஒருவரும் கேட்டு வைத்திருக்கவில்லை. எத்தனையோ சந்தைகளில் தேடிவிட்டேன், இன்றுவரை அது என் கண்ணில் படவில்லை.

ஆகவே மருமகள் வந்ததும் ஒரு தாளைக் கொடுத்து, அந்தத் தோட்டத்தில் எந்தச் செடி எந்தப் பக்கம் இருந்தது என்று வரையச் சொல்லுங்கள். நினைவுக்கு வராதவற்றை அங்குள்ள பெரியவர்களிடம் தொலைபேசியில் கேட்கச் சொல்லுங்கள். செடிகளின் பெயரைப் பாட்டி சொன்ன இத்தாலிய வழக்கிலேயே குறித்துக்கொள்ளட்டும். உங்கள் பக்கத்தைத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், மகன் அதைப் பெயர்த்துக் கீழே சேர்ப்பான். அத்திக்குக் குழி எடுக்கும் அன்று அந்த வரைபடத்தையும் நிலத்துக்குக் கொண்டு போங்கள்.