'2' வாங்கிய பரீட்சையும் ஆறாவது ஏபியும்

கேள்வி: டல்லாஸ் புறநகரில் பத்து வருடமாக இருக்கிறோம். மகள் ஆகஸ்டில் பதினொன்றாம் வகுப்பு போகிறாள். ஏபி (பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் பாடம்) வேர்ல்ட் ஹிஸ்டரி வகுப்பில் 'ஏ' வாங்கியவள், மே மாதப் பரீட்சையில் 5க்கு 2தான் வாங்கியிருக்கிறாள். ரிசல்ட் வந்த நாளிலிருந்து வீட்டில் சண்டை. வரும் வருடத்துக்கு ஐந்து ஏபி எடுத்திருக்கிறாள். ஆர்கெஸ்ட்ராவை விட்டுவிட்டு ஆறாவதாக ஒன்றை எடு என்கிறார் அவள் அப்பா. யூடி ஆஸ்டினில் (ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகம்) கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க அவளுக்கு ஆசை. இந்த 2 அதைக் கெடுத்துவிடுமா? கலிஃபோர்னியாவில் இருக்கும் என் நாத்தனார், "பரீட்சை மார்க்கை எல்லாம் இங்கே யாரும் பார்ப்பதே இல்லை" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: முதலில் அந்த 2ஐப் பேசி முடித்துவிடுவோம். கெடுக்காது.

ஏபி என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் இரண்டு சமாச்சாரம். ஒன்று, வருடம் முழுக்கப் பள்ளியில் நடக்கும் வகுப்பு. அதற்கு ஆசிரியர் போடும் கிரேடு டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) ஏறும், ஜிபிஏவில் (எல்லா கிரேடுகளின் சராசரியில்) சேரும். இன்னொன்று, மே மாதம் காலேஜ் போர்டு நடத்தும் பரீட்சை. அதன் மதிப்பெண் 1 முதல் 5 வரை, ஜூலையில் வரும். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது பொதுவாக அந்த மதிப்பெண்ணை மாணவரே எழுதுகிறார். எழுத விருப்பமில்லையா, விட்டுவிடலாம். உங்கள் மகளும் விட்டுவிடட்டும். வகுப்பில் வாங்கிய 'ஏ' இருக்கிறதே, அது எங்கேயும் போகாது.

நமக்கு இது மனதில் ஏறுவதில்லை. நாமெல்லாம் பிளஸ் டூ மார்க்கும் 200க்கு எவ்வளவு என்ற கட்ஆஃபும் தலையெழுத்தாக இருந்த ஊரிலிருந்து வந்தவர்கள். வருடம் முழுக்க வகுப்பில் என்ன செய்தோம் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. கடைசிப் பரீட்சைதான் எல்லாம். இங்கே அப்படியே தலைகீழ். இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு ஏபி பரீட்சையின் மதிப்பெண் வரும்போது ஜூலை ஆகிவிடும். கல்லூரிகளின் முடிவோ மார்ச், ஏப்ரலிலேயே வந்திருக்கும். அதாவது கடைசி வருடத்தில் எத்தனை பரீட்சை எழுதினாலும் ஒன்றுகூட அட்மிஷனுக்கு உதவப் போவதில்லை.

அப்புறம் பரீட்சைக்குச் சுமார் 100 டாலர் கட்டி எதற்கு எழுத வேண்டும்? கிரெடிட்டுக்காக; அதாவது அந்தப் பாடத்தைக் கல்லூரியில் படித்து முடித்ததாகவே கணக்கு. 3ம் அதற்கு மேலும் வாங்கினால் மாநிலப் பல்கலைக்கழகங்கள் கிரெடிட் கொடுக்க வேண்டும் என்று டெக்சஸ் 2015இல் சட்டமே போட்டது. சில பாடங்களுக்கு மட்டும், தகுந்த காரணம் காட்டி, கூடுதலாகக் கேட்கலாம். பதினொன்றாம் வகுப்பில் யூஎஸ் ஹிஸ்டரி எடுப்பாள் என்று நினைக்கிறேன். டெக்சஸில் அரசுக் கல்லூரியில் டிகிரி வாங்க எந்த மேஜராக (முதன்மைப் பாடமாக) இருந்தாலும் அமெரிக்க வரலாற்றில் 6 கிரெடிட் கட்டாயம். அந்தப் பரீட்சையை நன்றாக எழுதினால் நாளை கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவி வரலாற்று வகுப்பில் உட்கார வேண்டிய நேரம் மிச்சம்.

ஆனால் ஒன்று. என் மகன் கெமிஸ்ட்ரியில் 4 வாங்கினான். கிரெடிட் தானாக வந்து சேர்ந்துவிடும் என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். அவன் போன கல்லூரியில் அதை மாணவரே போய்க் கேட்டு வாங்க வேண்டுமாம். அது தெரிய வந்தபோது, அதே பாடத்தை ஃபீஸ் கட்டிப் பாதி செமஸ்டர் படித்து முடித்திருந்தான். யூடியிலும் கேட்டு வாங்கும் முறைதான். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஆறாவது ஏபி. அவள் அப்பாவின் கவலையைச் சும்மா தள்ளிவிட முடியாது. டெக்சஸில் ரேங்க் என்று ஒன்று இருக்கிறது. 1997இல் வந்த சட்டப்படி, பள்ளியில் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் பிள்ளைகளுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம். யூடி ஆஸ்டினுக்கு மட்டும் விதிவிலக்கு: அங்கே 6 சதவீதமாக இருந்தது, 2026 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து 5 ஆகிவிட்டது. பதினொன்றாம் வகுப்பு முடிவில் இருக்கும் ரேங்க்தான் பெரும்பாலும் கணக்கு. ரேங்கைத் தீர்மானிப்பது வெயிட்டட் ஜிபிஏ; அதில் ஏபி வகுப்புக்குக் கூடுதல் புள்ளி. அதனால்தான் உங்கள் ஊரில் பிள்ளைகள் வயலினை மூடி வைத்துவிட்டு ஏபி ஏபியாக எடுக்கிறார்கள்.

கணக்கையும் போட்டே பார்த்துவிடுவோமே. ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்கு டிஸ்ட்ரிக்ட் இது மாறும். ஏபியில் 'ஏ'வுக்கு 6, 'பி'க்கு 5, சாதாரண வகுப்பில் 'ஏ'வுக்கு 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்கெஸ்ட்ரா இருக்கும் இடத்தில் ஏபி வந்து அதிலும் 'ஏ' வாங்கினால் லாபம் ஒரு புள்ளி. ரேங்க் கணக்கில் வரும் மூன்று வருடத்தில் சுமார் 21 வகுப்புகள். ஒரு புள்ளியை அதில் பரத்தினால் 0.048. முதல் 5 சதவீதத்தின் விளிம்பில் நிற்கும் பிள்ளைக்கு இதுவும் பெரிதுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கூடுதல் பாரத்தால் மற்ற ஐந்தில் ஏதாவது ஒன்றில் 'ஏ' 'பி' ஆகிவிட்டால் வந்த புள்ளி வந்த வழியே போய்விடும். இரண்டில் சறுக்கினால் நஷ்டம். ஞாயிறு இரவு ஒரு மணிக்கு ஃபிசிக்ஸ் லேப் ரிப்போர்ட்டை மூடிவிட்டு வரலாற்றில் நாற்பது பக்கம் வாசிக்க உட்காரும் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். 'பி' அங்கேதான் பிறக்கிறது.

போதாக்குறைக்கு, ரேங்கால் கிடைப்பது யூடியில் இடம். கம்ப்யூட்டர் சயின்ஸில் இடம் இல்லை. மேஜருக்குத் தனியாகப் பார்ப்பார்கள். கட்டுரை, எஸ்ஏடி என்ற நுழைவுப் பரீட்சை (யூடி அதை மறுபடி கட்டாயமாக்கிவிட்டது), எந்தப் பாடங்கள் எடுத்தாள், வகுப்பறைக்கு வெளியே என்ன செய்தாள் என்று எல்லாம் சேர்ந்து வரும். கணக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸும் அந்த ஐந்தில் இருந்தால் போதும். ஆறாவதாக ஒரு சைக்காலஜியையோ ஹ்யூமன் ஜியாகரஃபியையோ திணித்து எதுவும் ஆகப் போவதில்லை. வருடக்கணக்காக வாசிக்கும் வாத்தியம் விண்ணப்பத்தில் கண்ணில் படும். அதை விடச் சொல்லாதீர்கள்.

உங்கள் நாத்தனார் சொன்னதில் பாதி உண்மை. அவர்கள் மாநிலத்து யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) பல்கலைக்கழகங்கள் எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை. ஆனால் ஏபி வகுப்புகளுக்கு மதிப்பு உண்டு. ஜிபிஏவில் சேரும் கூடுதல் புள்ளிக்கு மட்டும் எட்டு செமஸ்டர் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். அவர் ஊர்க் கணக்கு அவருக்கு, உங்கள் ஊர்க் கணக்கு உங்களுக்கு.

பெரிய தனியார் கல்லூரிகளையும் யோசித்தால், அங்கே பள்ளி கவுன்சிலர் அனுப்பும் அறிக்கை முக்கியம். இந்தப் பள்ளியில் கிடைக்கும் பாடங்களில் இந்த மாணவி எவ்வளவு கடினமானவற்றை எடுத்தாள் என்று அதில் ஒரு கேள்வி உண்டு. பத்து ஏபி இருக்கும் பள்ளியில் ஐந்தும், முப்பது இருக்கும் பள்ளியில் ஐந்தும் ஒன்றல்ல. எம்ஐடி, கால்டெக், டார்ட்மத் எல்லாம் எஸ்ஏடியை மறுபடி கேட்க ஆரம்பித்துவிட்டன. 2024இல் யேல் மட்டும், எஸ்ஏடிக்குப் பதில் ஏபி மதிப்பெண்களைக் கொடுக்கலாம் என்றது. அந்த வழியில் போனால் வாங்கிய எல்லா ஏபி மதிப்பெண்ணையும் காட்ட வேண்டும் என்பதால், உங்கள் மகளுக்கு எஸ்ஏடி வழிதான் நல்லது.

பள்ளி திறந்த முதல் ஓரிரு வாரத்துக்குள் பாடம் மாற்றும் கதவை மூடிவிடுவார்கள். அதற்கு முன்பே கவுன்சிலரிடம் நேரம் வாங்கி, உங்கள் டிஸ்ட்ரிக்டில் ஆர்கெஸ்ட்ரா ரேங்க் கணக்கில் சேருமா சேராதா என்று கேளுங்கள். சில இடங்களில் ஃபைன் ஆர்ட்ஸ் வகுப்பைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. உங்கள் ஊரிலும் அப்படி என்றால் ஆர்கெஸ்ட்ரா அவள் ரேங்கைக் கீழே இழுக்காது; சண்டைக்கே வேலை இல்லை.